காத்திருப்பு எண் நாற்பத்தேழு

டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே
ஒன்றரை ஆள் உட்காரும் கடை.
பதினான்கு வருடமாக அங்கிருந்து
மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்:
காசிக்கு, பினாங்குக்கு,
வெற்றிலைப் பையோடு வந்த ஒரு மாவுமில்காரரை
ஒருமுறை கெய்ரோவுக்கு.

டார்ஜிலிங் போக எனக்கு நானே போட்ட டிக்கெட்
காத்திருப்பு எண் நாற்பத்தேழில் நின்றது.
வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு.
சனிக்கிழமை சார்ட் போட்டார்கள். நாற்பத்தாறு.
நாடு முழுக்க ஒரே ஒருவர்தான்
மனசு மாறியிருக்கிறார்.

ரயிலுக்கென்று கிண்டிய புளியோதரை இருந்தது.
மலைக்கென்று வாங்கிய ஷூ இருந்தது.
ஞாயிறு காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு
பெரியாரில் முதலில் கிளம்பிய டவுன்பஸ்ஸில் ஏறினேன்.

'எங்கம்மா?'
'கடைசி ஸ்டாப் எதுவோ, அது.'
'கீழக்குயில்குடி. அங்க யார் இருக்கா?'
'யாருமில்லை.'
கண்டக்டர் என் ஷூவைப் பார்த்தார்,
கட்டணமில்லாச் சீட்டொன்றைக் கிழித்துத் தந்தார்.
அந்த வாரம் எனக்கு உறுதியான ஒரே பயணம்.

காளவாசல் தாண்டி, புதுக்கோட்டை தாண்டி,
தாமரைக் குளத்தோரம் இறக்கிவிட்டுப் பஸ் திரும்பியது.
அய்யனார் குதிரைகளுக்குப் பின்னால் மலை
பேசாமல் படுத்திருந்தது.
பாறையில் வெட்டிய படி. மூச்சு வாங்க ஏறினால்
ஒரு சரிவின் நிழலில் எட்டுப் பேர்
வரிசையாய், கல்லாய்.
யாரும் முண்டவில்லை.
ஆயிரம் வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள்,
என்ன நம்பர் என்று கேட்கவில்லை.
அடியில் வட்டெழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது.
பக்கத்துப் பலகை சொன்னது:
யார் பேரில் யார் செய்வித்தது என்ற விவரமாம்.
பெயர்ப் பட்டியல்தான் அதுவும்.
சார்ட்.

'எந்தூரு?'
ஒன்பது ஆடுகளோடு வந்தவள் கேட்டாள்.
என் வயதுதான் இருக்கும். ஒச்சாயி என்றாள்.
'மதுரை.'
'மதுரையிலருந்தா? அம்புட்டுத் தூரம் வந்து
இதப் பாக்கவா?'
பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றேன்.
சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.
'நான் ரெண்டு தடவ வந்திருக்கேன் உங்கூருக்கு.
ரெண்டும் பெரியாஸ்பத்திரி.
ஒண்ணு மகன் பெறந்ததுக்கு.'
இன்னொன்றைச் சொல்லவில்லை.
சரிவில் இறங்கிய ஆட்டை
'இங்கிட்டு வா சனியனே' என்று கூப்பிட்டாள்.

புளியோதரையைப் பாதியாய்ப் பிரித்தோம்.
'புளி தூக்கலு,' என்றாள்,
என்றாலும் விரலை நக்கினாள்.
மடியிலிருந்து எடுத்த வெள்ளரிப்பிஞ்சை
முந்தியில் துடைத்து இரண்டாய் ஒடித்தாள்.
அந்தச் சத்தத்துக்கு எல்லா ஆடுகளும் திரும்பின.

'அந்தா பாரு, புகைக்குள்ள நாலு முள்ளு மாதிரி.
அதான் உங்கூரு.'
தினமும் நான் நடக்கிற கோபுரங்கள்.
அவ்வளவு சின்னதாக இருந்ததால்
முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன்.

'உள்ள போயிப் பாத்ததில்ல.
ஆஸ்பத்திரி எதுத்தாப்புல ஒரு வண்டியில
பருத்திப்பால் குடிச்சேன். கருப்பட்டி, சுக்கு,
மேல தேங்காப்பூ.
அந்த ராத்திரி அது ஒண்ணுதான் எறங்குச்சு.
இன்னும் இருக்கா அந்த வண்டி?'

தெரியவில்லை.
கெய்ரோவில் எந்த ஓட்டலில்
சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் நீளக் காதோடு
செட்டியார் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்,
அடுத்த தடவை பார்க்கலாம் என்றாள்.
அடுத்த தடவை என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

சாயங்காலம் பெரியாரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல்
கோரிப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன்.
பிளாஸ்டிக் வாளி விற்கிறவர்கள், ஆம்புலன்ஸ்,
தரையில் படுக்கை விரித்த யாரோ ஒருவரின் குடும்பம்.
வண்டி இருந்தது. அதே வண்டியா, யார் கண்டது.
சுக்கு தூக்கலாகத்தான் இருந்தது.
நின்றபடி ஒரு டம்ளர் குடித்தேன், நாக்கு சுட்டது.
'இன்னொண்ணு?'
வேண்டாம் என்றேன்.
அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளி கொண்டுவந்தால்
பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சூடு தாங்குமா?

அவர் கரண்டியை வாளிக்குள் விட்டுக் கலக்கினார்.
'மூடியப் பொறுத்ததும்மா.'